சூரியனுக்குத் தினம் ஒரு படம்

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியைச் சுற்றுவார்கள், தூண் பாறை பார்ப்பார்கள், சாக்லேட் வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். ஊருக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் 'அப்சர்வேட்டரி' என்று பஸ்ஸில் எழுதியிருக்கும் இடத்தில் தினமும் ஒரு வேலை சத்தமில்லாமல் நடக்கிறது. காலையில் வெயில் தெளிந்ததும் ஒருவர் கோபுரக் கூண்டின் கூரைக் கதவைத் திறந்து, ஆறு அங்குலத் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பி, ஒரு படம் எடுக்கிறார். மறுநாளும் அதே இடம், அதே சூரியன், இன்னொரு படம். 1904-ல் தொடங்கிய வழக்கம் இது. நடுவில் இரண்டு உலகப் போர்கள் வந்தன, சுதந்திரம் வந்தது, கண்ணாடித் தகடு போய் பிலிம் வந்தது, பிலிம் போய் டிஜிட்டல் வந்தது. படம் எடுப்பது மட்டும் நிற்கவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு வருடம் தினமும் பனவடலிசத்திரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்து ஒரு படம் எடுத்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றே: "இதனால என்ன பிரயோசனம், அண்ணாச்சி?" என் படங்களைக் காட்டி அதற்குப் பதில் சொல்ல முடியாது. கொடைக்கானல் படங்களைக் காட்டிச் சொல்லலாம். அந்தக் கதையும் எங்கள் மானாவாரிச் சீமையைப் போன்ற ஊர்களின் பசியில்தான் ஆரம்பிக்கிறது.

தாது வருஷம்

எங்கள் ஊரின் பெயரிலேயே நிலத்தின் குணம் இருக்கிறது. வடலி என்றால் இளம் பனை. சத்திரம் என்றால் வழிப்போக்கர்கள் தங்கிப் போகும் இடம். திருநெல்வேலிக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவில், பனை நிற்கும் காய்ந்த பூமியில், சாலையோரம் அமைந்த ஊர். தாமிரபரணித் தண்ணீர் இந்தப் பக்கம் எட்டாது. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, எங்களுக்கு வெறுங்காற்றை மட்டும் அனுப்பி வைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்தால் குளம் பெருகும், கிணறு ஊறும். பெய்யாவிட்டால் அந்த வருடம் கணக்கில் இல்லை.

அப்படி மழை பொய்த்த வருடங்களில் பெரியது தாது வருஷம், அதாவது 1876. அந்த ஆண்டு பருவமழை தவறியது. அடுத்த ஆண்டும் நிலைமை சீராகவில்லை. சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஹைதராபாத் என்று தென்னிந்தியா முழுவதும் 1878 வரை பஞ்சம். மாண்டவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். நிவாரண வேலைக்கு வந்து மண் சுமந்தவர்களுக்கு ஒரு நாள் கூலியை ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும் என்று குறைத்தார் அரசு அனுப்பி வைத்த சர் ரிச்சர்ட் டெம்பிள். ஒரு ராத்தல் என்றால் நம் கணக்கில் அரைக் கிலோவுக்கும் குறைவு. கடும் உழைப்புக்கு அது போதாது என்று சென்னை மாகாண மருத்துவ அதிகாரிகளே எதிர்த்தார்கள்.

அந்தப் பஞ்சத்தைப் படமெடுத்தவர் ஒருவர் உண்டு. சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த வில்லோபி வாலஸ் ஹூப்பர். எலும்பும் தோலுமான மனிதர்களைக் குடும்பம் குடும்பமாக வரிசையில் உட்கார வைத்து எடுத்த படங்கள் அவை. இன்றும் புத்தகங்களில் வருகின்றன. பார்த்தவர் மனம் பதறும், பணமும் திரண்டது. பட்டினி கிடப்பவர்களை நிறுத்தி வைத்துப் படமெடுத்தவருக்குக் கண்டனமும் அன்றே எழுந்தது. நான் சொல்ல வந்தது வேறு. அதே பஞ்சம் இன்னொரு வகைப் படத்துக்கும் காரணமாயிற்று. அதில் மனிதர்களே கிடையாது. ஒரு வெள்ளை வட்டம், அதில் சில கரும்புள்ளிகள், அவ்வளவுதான்.

மருந்துக்கடைக்காரர் பார்த்த சூரியன்

சூரியனின் முகத்தில் புள்ளிகள் உண்டு என்பது கலிலியோ காலத்திலிருந்தே தெரியும். அவை ஒரு முறை வைத்துக் கூடிக் குறைகின்றன என்பது தெரியவர இன்னும் இருநூறு வருடம் ஆயிற்று. அதைக் கண்டுபிடித்தவர் பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல. ஜெர்மனியில் டெஸாவ் என்ற சிற்றூரில் மருந்துக்கடை வைத்திருந்த ஹைன்ரிக் ஷ்வாபே.

புதன் கிரகத்துக்கும் உள்ளே, சூரியனை ஒட்டி இன்னொரு கிரகம் சுற்றுகிறதோ என்ற சந்தேகம் அவருக்கு. அப்படி ஒன்று இருந்தால் சூரியனுக்குக் குறுக்கே போகும்போது கரும்புள்ளியாகத் தெரியும். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் ஏற்கெனவே உள்ள புள்ளிகளையெல்லாம் தினமும் குறித்து வைக்க வேண்டும். 1820-களின் நடுவில் தொடங்கி, வானம் தெளிந்த ஒவ்வொரு நாளும், தன் சொந்த ஊரில் இருந்தபடியே சூரியனைப் பார்த்து வரைந்தார். இடையில் மருந்துக்கடையையும் விற்றுவிட்டார். கிரகம் அகப்படவில்லை. பதினேழு பதினெட்டு வருடக் குறிப்புகளைப் புரட்டியபோது, புள்ளிகள் சுமார் பத்து வருடத்துக்கு ஒருமுறை பெருகிப் பெருகிக் குறைவது தெரிந்தது. 1843-ல் வெளியிட்டார். உடனே யாரும் கண்டுகொள்ளவில்லை. 1857-ல் லண்டனிலிருந்து தங்கப் பதக்கம் வந்தது. கழுதையைத் தேடிப் போய் ராஜ்ஜியத்தைப் பெற்ற சவுலைப் போலத் தன்னைச் சொல்லிக்கொண்டார் ஷ்வாபே. வேதாகமம் படித்த நெல்லைச் சீமைக்காரர்களுக்கு அந்தக் கதை தெரியும்.

இப்போது சராசரியாக 11 வருடம் என்கிறோம். 1755-ல் தொடங்கியதை முதல் சுழற்சி என்று வைத்து எண்ணி வருகிறார்கள். தாது வருஷப் பஞ்சம் 11-வது சுழற்சியின் கடைசியில், சூரியனில் புள்ளிகள் மிகவும் குறைந்திருந்த ஆண்டுகளில் வந்தது.

இந்த ஒற்றுமை சிலர் கண்ணில் பட்டது. இந்தியாவில் புள்ளிவிவரத் துறையை நடத்திய வில்லியம் வில்சன் ஹண்டர், சென்னையின் பழைய மழைக் கணக்குகளை எடுத்து வைத்துப் பார்த்தார். புள்ளி குறைந்த ஆண்டுகளில் மழையும் குறைவதாக அவருக்குப் பட்டது. இங்கிலாந்தின் வானியலாளர் நார்மன் லாக்யரும் அவரும் சேர்ந்து 1877-ல் சூரியப் புள்ளிகளையும் பஞ்சங்களையும் இணைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பொருளாதார நிபுணர் ஜெவன்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். சூரியனில் மாற்றம் வந்தால் இந்தியாவில் விளைச்சல் மாறும், விளைச்சல் கெட்டால் இந்தியன் இங்கிலாந்துத் துணி வாங்கமாட்டான், அதனால் லண்டன் வியாபாரம் படுத்துவிடும் என்றார்.

இன்று கேட்டால் சிரிப்பு வரலாம். அன்று இதில் பெரிய நம்பிக்கை இருந்தது. பஞ்சம் எப்போது வரும் என்று சில வருடம் முன்கூட்டியே தெரிந்தால் தானியம் சேர்த்து வைக்கலாம், உயிர்களைக் காக்கலாம். அதற்கு முதல் வேலை, சூரியனை ஒரு நாள் விடாமல் கவனிப்பது. இங்கிலாந்தில் மேகமும் மூட்டமும் அதிகம். இந்தியாவில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. 1878-ல் டேராடூனில் தினசரி சூரியப் படம் எடுக்கும் ஏற்பாடு தொடங்கியது.

நுங்கம்பாக்கத்திலிருந்து மலைக்கு

சென்னையில் அப்போதே ஒரு வானாய்வகம் இருந்தது. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டியது. அதன் கருங்கல் தூண் இன்றும் அங்கே வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. தமிழிலும் அதில் கல்வெட்டு உண்டு. முப்பது வருடம் அதன் தலைவராக இருந்தவர் நார்மன் பாக்ஸன். தென்னிந்தியாவில் ஒரு மலைமேல் புதிய ஆய்வகம் வேண்டும் என்ற யோசனை 1880-களில் எழுந்தது. இடம் தேடும் பொறுப்பு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் சார்லஸ் மிக்கி ஸ்மித்துக்கு வந்தது. நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கொடைக்கானலைப் பரிந்துரைத்தார்.

பாக்ஸன் 1891-ல் பதவியில் இருக்கும்போதே காலமானார். மிக்கி ஸ்மித் அந்த இடத்துக்கு வந்தார். 1895-ல் கவர்னர் வென்லாக் கொடைக்கானலில் அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆய்வகம் முறைப்படி மலைக்கு மாறியது. மோட்டார் சாலை இல்லாத காலம். ரயிலில் அம்மையநாயக்கனூர் வரை, அங்கிருந்து மலையடிவாரத்துக்கு மாட்டு வண்டி, அதற்கு மேல் மனிதர்களின் தோளும் தலையும்தான். தொலைநோக்கிகள் எல்லாம் அப்படித்தான் ஏறின.

அப்படி ஏறியவற்றில் ஒன்று 1850-ல் சென்னை ஆய்வகத்துக்காகப் பாரிஸின் லெரபூர், செக்ரெத்தான் நிறுவனத்திடம் வாங்கிய ஆறு அங்குலத் தொலைநோக்கி. அது ஏற்கெனவே பழசு. அதைப் பிரித்துச் சீரமைத்துச் சூரியனைப் படமெடுக்கும் கருவியாக மாற்றினார்கள். முதல் பாராவில் சொன்ன ஆறு அங்குலத் தொலைநோக்கி இதுதான்.

ஒரு நாள், ஒரு தகடு

அந்தக் கருவி எடுக்கும் படத்தில் சூரியன் சுமார் 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டமாக விழும். அந்த அளவில் நம் பூமியை வரைந்தால் 2 மில்லிமீட்டர்கூட வராது. வட்டத்தில் தெரியும் பெரிய புள்ளி ஒன்றுக்குள் இரண்டு மூன்று பூமிகளைப் போட்டு வைக்கலாம்.

படம் எடுக்க வேண்டியது காலை நேரத்தில். வெயில் ஏற ஏறத் தரை சூடாகிக் காற்று அலையடிக்கும், படம் கலங்கும். கண்ணாடித் தகட்டில் படம் பிடித்து, இருட்டறையில் கழுவி, தேதியும் நேரமும் எழுதி, உறையில் போட்டு அடுக்க வேண்டும். மேகம் மூடினால் காத்திருக்க வேண்டும். நாள் முழுக்க மூடியிருந்தால் அன்றைக்குப் படம் கிடையாது. கொடைக்கானலில் ஆனி, ஆடி மாதங்களும் ஐப்பசி, கார்த்திகையும் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். அப்படி விட்டுப்போன நாட்களுக்கு டேராடூன், கிரீனிச், தென்னாப்பிரிக்காவின் கேப், மொரிஷியஸ் என்று மற்ற இடங்களில் எடுத்த படங்கள் கைகொடுத்தன. ஒரிடத்தில் மழை என்றால் இன்னோரிடத்தில் வெயில். இப்படிச் சேர்த்துத்தான் கிரீனிச் 1874 முதல் 1976 வரையிலான சூரியக் கணக்கை எழுதியது.

என்னை மிகவும் ஈர்த்தது வேறொன்று. புள்ளிகள் குறைந்த காலத்தில் நாள்கணக்காகச் சூரியனில் ஒரு புள்ளிகூட இருக்காது. அன்றும் படம் எடுத்தார்கள். வெறும் வட்டம். நேற்றும் வெறும் வட்டம், இன்றும் வெறும் வட்டம். ஆனாலும் தகடு செலவழித்து, கழுவி, தேதி எழுதி அடுக்கினார்கள்.

வருவாய்த் துறையில் வேலை பார்த்த எனக்கு இது உடனே புரிந்தது. தாலுகா அலுவலகத்தில் மழைமானி இருக்கும். தினமும் காலை எட்டரை மணிக்குப் போய்ப் பார்த்து மழை அளவை எழுத வேண்டும். எங்கள் பக்கம் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் எழுதுவது 0 தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், "மழையே இல்லையே, எதுக்கு சார் எழுதணும்?" என்று கேட்பார்கள். கட்டத்தை வெறுமனே விட்டால் அன்று மழை இல்லையா, ஆள் போய்ப் பார்க்கவில்லையா என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. 0 என்று எழுதினால், ஒருவன் போய்ப் பார்த்தான், மழை இல்லை என்று தெரியும். வறட்சி நிவாரணம் கேட்டு எழுதும்போது அந்த 0-க்கள்தான் விவசாயிக்குச் சாட்சி. ஹண்டர் சென்னையின் மழையைக் கணக்குப் பார்க்க முடிந்ததும் அதற்கு முன் யாரோ பல வருடம் இப்படி எழுதி வைத்ததால்தான்.

மழைக்குப் பதில் வேறு இடத்தில் இருந்தது

இத்தனை படங்கள் எடுத்துப் பஞ்சத்தை முன்கூட்டிச் சொல்ல முடிந்ததா? இல்லை.

1904-ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்தவர் கில்பர்ட் வாக்கர் என்ற கணித மேதை. நமக்கு அவரை இன்னொரு வகையில் தெரிந்திருக்க வேண்டும். 1913-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனின் நோட்டைப் பார்த்துவிட்டு, இவருக்கு உதவித்தொகை கொடுங்கள் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியவர்களில் அவரும் ஒருவர். வாக்கர் சூரியப் புள்ளிக் கணக்கையும் இந்திய மழைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் உள்ள தொடர்பு மிகவும் பலவீனமானது, அதை வைத்து மழையைச் சொல்ல முடியாது என்று தெரிந்தது.

அவர் அதோடு விடவில்லை. உலகம் முழுவதிலிருந்தும் காற்றழுத்தம், வெப்பம், மழை என்று தினசரிக் கணக்குகளைத் தருவித்து, குமாஸ்தாக்களை வைத்துக் கூட்டிப் பெருக்கினார். பசிபிக் பெருங்கடலின் ஒரு பக்கம் காற்றழுத்தம் கூடினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் குறைவதும், அங்கே குறைந்தால் இங்கே கூடுவதும் தராசுத் தட்டுப்போல நடப்பதைக் கண்டார். 1924-ல் அதற்குத் 'தெற்கு அலைவு' என்று பெயர் வைத்தார். பின்னால் 1969-ல் பியெர்க்னெஸ் என்ற வானிலை அறிஞர், பசிபிக் கடல் சூடேறும் எல் நினோவும் இந்த அலைவும் ஒரே நிகழ்வின் இரண்டு முகங்கள் என்று விளக்கினார். 1877-78-ல் வந்த எல் நினோ மிகக் கடுமையானவற்றில் ஒன்று என்பது இன்று தெரிகிறது. தாது வருஷத்துக் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி சூரியனில் இல்லை, கடலில் இருந்தது.

அப்படியானால் கொடைக்கானல் படங்கள் வீணா? அங்கேதான் ஷ்வாபேயின் கதை மறுபடி நடந்தது.

1907-ல் ஜான் எவர்ஷெட் என்பவர் கொடைக்கானலுக்கு வந்தார். இங்கிலாந்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, வீட்டோடு சொந்தமாக ஆய்வகம் வைத்துச் சூரியனைப் பார்த்து வந்தவர். கொடைக்கானலில் இருந்த கருவிகளைச் சரிசெய்து, புதியவற்றைத் தன் கையாலேயே கட்டினார். 1909 ஜனவரியில், சூரியப் புள்ளியின் ஒளியைப் பிரித்து எடுத்த படங்களில், புள்ளியின் ஓரத்தில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டார். உலகெங்கும் வானியல் பாடப் புத்தகங்களில் அதற்கு 'எவர்ஷெட் விளைவு' என்று பெயர். அவர் 1923-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பி, மறுபடியும் வீட்டருகே ஆய்வகம் அமைத்துக்கொண்டு பல ஆண்டுகள் சூரியனையே பார்த்திருந்தார். 92 வயது வரை வாழ்ந்தார். ஓய்வு பெற்றவர்கள் கவனிக்க.

பெரிய பலன் ஒரு நாளில் கிடைத்ததல்ல. ஒரு தகட்டைப் பார்த்தால் ஒரு நாள் தெரியும். பதினான்கு நாள் தகடுகளை வரிசையாக வைத்தால், ஒரு புள்ளி சூரியனின் ஒரு ஓரத்தில் தோன்றி மறு ஓரத்தில் மறைவது தெரியும், சூரியன் சுழல்கிறது. நடுக்கோட்டில் வேகமாகவும் துருவங்களின் பக்கம் மெதுவாகவும் சுழல்கிறது என்பதும் தெரியும். பதினொரு வருடத் தகடுகளை வைத்தால், புள்ளிகள் முதலில் நடுக்கோட்டுக்கு எட்டத்தில் பிறந்து, வருடம் போகப் போக நடுக்கோட்டை நெருங்குவது தெரியும். நூறு வருடத் தகடுகளை வைத்தால், ஒரு சுழற்சியைப் போல இன்னொன்று இருப்பதில்லை என்பது தெரியும். இன்று செயற்கைக்கோள், மின்கட்டமைப்பு, வானொலித் தொடர்பு எல்லாவற்றையும் சூரியப் புயல் பாதிக்கிறது. 2023 செப்டம்பர் 2-ல் இந்தியா ஆதித்யா எல்-1 விண்கலத்தைச் சூரியனைப் பார்க்க அனுப்பியது. அதன் முக்கியக் கருவி ஒன்றைச் செய்தது கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் மையம். விண்கலம் எவ்வளவு துல்லியமாகப் பார்த்தாலும் 1910-க்குத் திரும்பிப் போக அதனால் முடியாது. அந்த வருடத்துச் சூரியன் வேண்டுமென்றால் கொடைக்கானல் அலமாரியைத்தான் திறக்க வேண்டும். அந்தத் தகடுகளையெல்லாம் இப்போது கணினியில் ஏற்றி, உலகில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள்.

ஒரே குடும்பத்தில் தாத்தா, மகன், பேரன் என மூன்று தலைமுறையாக அந்தக் கூண்டில் சூரியனைப் படமெடுத்திருக்கிறார்கள். 1900-த்தில் வேலைக்குச் சேர்ந்த தாத்தாவுக்குத் தன் தகடு என்ன கேள்விக்குப் பதிலாகும் என்று தெரிந்திருக்க வழியில்லை. பேரனின் காலத்துக் கேள்விகள் அன்றைக்குப் பிறக்கவே இல்லை.

மாடியிலிருந்து மேற்கே

என் படங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. செல்போன்தான் கருவி. மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு கோடு போட்டு, அங்கேயே வைத்து, பழைய வழக்கப்படி காலை எட்டரைக்கு எடுப்பேன். படத்தில் கீழே மாடித் தரை, துணிக்கொடிக் கம்பத்தின் நிழல். நடுவில் பனைகளும் காற்றாலைகளும். தெளிந்த நாளில் கடைசியில் நீலமாக மேற்கு மலை.

ஒவ்வொரு படமாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. மொத்தத்தையும் வேகமாகத் தள்ளிப் பார்த்தால் வருடமே அசைகிறது. மார்கழியில் கம்பத்தின் நிழல் வலப்பக்கம், வடக்கே சாய்ந்து கிடக்கிறது. தை பிறந்ததும் மெல்லத் திரும்பி, ஆனியில் இடப்பக்கம், தெற்கே போய்விடுகிறது. உத்தராயணம் என்று பஞ்சாங்கத்தில் படித்ததை மாடித் தரையில் பார்த்தேன். சித்திரை முதல் தேதியை ஒட்டி எங்கள் ஊருக்கு நேர் உச்சியில் சூரியன் வருவதால் நண்பகலில் கம்பத்துக்கு நிழலே இருக்காது. ஆகஸ்ட் கடைசியில் மறுபடி அப்படி ஒரு நாள். சங்கரன்கோவிலில் மார்ச், செப்டம்பர் மாதங்களில் 21-ஆம் தேதியை ஒட்டிய மூன்று நாள் சூரிய ஒளி சங்கரலிங்க சுவாமி மேல் விழும் என்று பக்தர்கள் சொல்வார்கள். கோவில் கட்டியவர்களும் தினமும் நிழலைக் குறித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனி, ஆடியில் மலைக்குமேல் கறுத்த மேகம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அங்கே சாரல், குற்றாலத்தில் கூட்டம். இங்கே காற்றாலை சுற்றுகிறது, பனை ஓலை ஒரே பக்கமாகப் படுக்கிறது, மாடித் தரை காய்ந்து கிடக்கிறது. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் மழை நிற்பதைப் பார்த்துக்கொண்டே ஆறு தலைமுறை இங்கே விதைத்திருக்கிறது. தரை நனைந்த படங்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். அவை கொஞ்சம். காய்ந்த தரைப் படங்களே மிச்சம் எல்லாம். அவற்றில் ஒன்றையும் நான் அழிக்கவில்லை. அவை என் 0-க்கள்.

தினம் ஒரு படம் எடுத்தவர்கள் உலகில் நிறைய உண்டு. அமெரிக்காவில் ஜேமி லிவிங்ஸ்டன் என்பவர் 1979 மார்ச் 31-ல் தொடங்கி, தினமும் ஒரு போலராய்டு படம் எடுத்தார். 1997 அக்டோபர் 25-ல், தன் 41-வது பிறந்தநாளில், புற்றுநோயால் இறக்கும்வரை எடுத்தார். பிறகு நண்பர்கள் அடுக்கிப் பார்த்தபோது ஒரு முழு வாழ்க்கை கிடைத்தது. சாதாரணச் சாப்பாடு, நண்பர்கள், தெரு என்று பாதிப் படங்களில் விசேஷமாக ஒன்றும் இல்லை. அந்தப் பாதி இல்லாவிட்டால் மீதிப் பாதிக்கும் அர்த்தமில்லை.

நல்ல நாளில் மட்டும் எடுத்த படங்கள் ஆல்பமாகும், பதிவேடு ஆகாது. கல்யாணம், திருவிழா, குளம் மறுகால் பாயும் நாள் என்று எடுத்தால் நம் ஊர் எப்போதும் செழிப்பாக இருந்ததாகப் பேரப்பிள்ளைகள் நினைப்பார்கள். ஹூப்பரைப் போலக் கெட்ட நாளில் மட்டும் எடுத்தால் எப்போதும் பஞ்சமாகவே இருந்ததாக நினைப்பார்கள். நாளை நாம் தேர்ந்தெடுக்காமல், வந்த நாளை எல்லாம் எடுத்தால் உண்மை கொஞ்சம் அகப்படும்.

யாராவது தொடங்க நினைத்தால் சில யோசனைகள். இடத்தை மாற்றாதீர்கள், நேரத்தை மாற்றாதீர்கள். தேதியைப் படத்தின் பெயரிலேயே எழுதி வையுங்கள். போன் மாறினாலும் அது போகாது. இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஊர்க் குளம் ஒன்று இருந்தால் அதன் மடையைப் பார்த்து எடுங்கள். தண்ணீர் எந்தக் கல் வரை நிற்கிறது என்பது பின்னால் உதவும். சூரியனை நேராகப் படமெடுக்கும் ஆசை மட்டும் வேண்டாம். தகுந்த வடிகட்டி இல்லாமல் பார்த்தால் கண் போய்விடும், போனும் கெடும். அந்த வேலையைக் கொடைக்கானல்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அடுத்த மாதம், டிசம்பரில், சூரியனின் 25-வது சுழற்சி தொடங்கியது. மாவட்டத்துக்கும் சுழற்சிக்கும் ஒரே வயது. 1876-க்குப் பிறகு இது பதினான்காவது சுழற்சி. இது முடிவதற்குள் எங்கள் குளம் எத்தனை முறை பெருகும் என்று சூரியனும் சொல்லாது, நானும் சொல்ல முடியாது. பெருகினாலும் காய்ந்தாலும் தேதியோடு ஒரு படம் இருக்க வேண்டும். ஒரு வருடம் முடிந்தபிறகும் எட்டரை மணிக்கு மாடி ஏறுவதை நான் நிறுத்தவில்லை.